கொளத்தூரில் கடல் தொட்டிக்கு என்ன வாங்கலாம்? பழைய நன்னீர்த் தொட்டியை மாற்றிய அனுபவத்திலிருந்து

வீட்டில் சும்மா கிடக்கும் நன்னீர்த் தொட்டியைக் கடல் மீன் தொட்டியாக மாற்ற முடியுமா, அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரிலேயே கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும், கிடைக்கும். ஆனால் கடைக்காரர் எடுத்துக் காட்டும் வரிசையில் வாங்காதீர்கள். முதலில் மீனைக் காட்டுவார்கள், அடுத்து பாறை, அடுத்து நீல விளக்கு, எல்லாம் முடிந்து பில் போடும்போதுதான் உப்பு ஞாபகம் வரும். நான் அதைத் தலைகீழாக வாங்கினேன். தண்ணீருக்கு உண்டானது முதலில், மீன் கடைசியில். அப்படிப் போகிறவருக்குக் கொளத்தூரின் ரெட்டேரி சுற்றுவட்டாரக் கடைகளைவிட வசதியான இடம் சென்னையில் வேறு இல்லை.

எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் வேலை. அதனால் டெஸ்ட் கிட், ரீஏஜென்ட், காலாவதி தேதி இவற்றில் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். இந்த மதிப்பீட்டையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

தொட்டி எங்கள் குடியிருப்பிலேயே வீடு மாறிப் போனவர்களிடம் வாங்கியது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர். பாறையும் மணலும் போட்ட பிறகு 160 லிட்டர்தான் நிற்கும். தங்கமீன் வளர்த்த தொட்டி. உள்பக்கம் போர் தண்ணீர்க் கறை வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகரில் நனைத்த துணியை ஒட்டி வைத்துத் துடைத்ததும் போய்விட்டது. மூலைகளில் இருந்த சிலிகான் மட்டும் லேசான நீலமாக இருந்தது. அந்த நீலத்தை நான் தினமும் பார்க்கிறேன். காசநோய்க்குச் சளி ஸ்லைடு சாயமேற்றும்போது கடைசியில் ஊற்றும் மெத்திலீன் புளூவின் நிறம் அது. மீனுக்குப் பூஞ்சை வந்தால் ஊற்றுகிற மருந்தும் அதுதான். சாயத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மருந்து ஊற்றிய தொட்டி என்று தெரிந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்: வெள்ளைப் புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து எப்போதாவது ஊற்றினீர்களா? தாமிரம் மீனை விட்டுவைக்கும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கூழாங்கல், சுண்ணாம்புக் கல் இதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும். அவர்களுக்கு நினைவில்லை என்பதால் பழைய கல், ஸ்பாஞ்ச், ஃபில்டர் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, தாமிரக் கிட்டில் சோதித்து, நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன். தாமிரக் கிட் கொளத்தூரில் எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய தொட்டி வாங்குகிற ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய பொருள் அது.

ஸ்டாண்டு விஷயத்தில் கொளத்தூருக்கு முழு மதிப்பெண். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்தால் கால் டன் எடை வரும். நான் போன பட்டறையில் இரும்புச் சட்டத்தை என் அளவுக்கு வெட்டி, பற்றவைத்து, உப்பு நீர் என்று சொன்னதும் கேட்காமலேயே இரண்டு கோட் எபாக்ஸி அடித்துக் கொடுத்தார்கள். தொட்டிக்கு அடியில் தெர்மகோல் ஷீட் போட மறக்காதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினார்கள்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். சிலர் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள். நம் நகரத்துக் கடற்கரையில் கூவமும் அடையாறும் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பே இறங்கிவிடும். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத கேனை நான் தொட மாட்டேன். மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின். போர் தண்ணீரில் என்னவெல்லாம் கரைந்திருக்கிறதோ. வீட்டு ஆர்.ஓ தண்ணீர் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். குடிக்கப் போதும். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ் மீட்டரைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள், 60, 80 என்று காட்டும். ருசிக்காகத் தாதுக்களையோ கொஞ்சம் மூலநீரையோ அந்த மெஷினே கலந்து விடுகிறது. நான் செய்தது, தாதுக் கார்ட்ரிட்ஜுக்கு முன்பே ஒரு டீ ஜாயின்ட் போட்டு, அங்கிருந்து, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் நிறம் மாறும் டி.ஐ ரெசின் குழாய் வழியாகத் தண்ணீரை எடுத்தது. மீட்டர் பூஜ்ஜியம் காட்டுகிறது. இதற்குண்டான உதிரிகள் மீன் கடையைவிட ஆர்.ஓ ஸ்பேர் கடையில் மலிவு. இந்தப் பூஜ்ஜியம் இல்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த உப்பு வாங்கினாலும் கண்ணாடியெல்லாம் பாசி பிடித்துக்கொண்டே இருக்கும்.

உப்பு: நான் வாங்கியது ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளி. கறுப்பு வாளி பவளம் வளர்ப்பவர்களுக்கானது; அதில் காரத்தன்மையும் கால்சியமும் கூடுதல். மீன் மட்டும் வளர்க்க நீலமே தாராளம். சோதித்தபோது காரத்தன்மை 8 டி.கே.எச் (அதை அளக்கும் அலகு) பக்கத்தில் வந்தது, வாளியின் மேலிருந்து எடுத்தாலும் நடுவிலிருந்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நிரப்பலுக்கு ஏறக்குறைய 6 கிலோ போனது. தண்ணீரில் உப்பைக் கொட்டுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். டிரம்மில் தண்ணீரைச் சுழற்றும் ஒரு சின்ன வேவ்மேக்கரை ஓடவிட்டால் பால் போன்ற கலங்கல் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது.

சில கடைகளில் வாளியைப் பிரித்துக் கிலோ கணக்கில் கவரில் கட்டித் தருகிறார்கள். ஆசைப்படாதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது கட்டி தட்டிவிடும். பல உப்புகளின் கலவை என்பதால் கனமானது அடியில் தங்கி, ஒவ்வொரு கவரிலும் ஒவ்வொரு விகிதம் வரும். எனக்குக் காட்டிய கவரில் நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் கிடந்தன. கல் உப்பைப் போட்டாலே போதும் என்று சொன்ன ஒருவரையும் சந்தித்தேன். கடல் நீரில் கரைந்திருக்கும் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம்தான். மீதியில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட், பொட்டாசியம். அந்த மீதி இல்லாத தண்ணீரில் கடல் உயிர்கள் பிழைக்காது.

உப்பை அளக்கக் கடையில் முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். அதில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலும் அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். எங்கள் கூடத்தில் சிறுநீரின் ஒப்படர்த்தி பார்க்கிற கருவியின் சொந்தக்காரன்தான் இது. கண்ணாடிப் பட்டையில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு 35-இல், அதாவது ஒப்படர்த்தி 1.026-இல் நிற்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். 35 அளவுள்ள திட்டக் கரைசல் பாட்டில் ஒன்றையும் சேர்த்து வாங்கி, அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் கருவி 2 அளவு கூட்டிக் காட்டியது. திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன்.

பாறை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஒரு கடையில், "ராமேஸ்வரம் லைவ் ராக் இருக்குண்ணா, உள்ள வெச்சிருக்கோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். லைவ் ராக் என்றால் கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு பெயர்த்தெடுத்த பவளப் பாறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. நம் வரவேற்பறை அழகுக்காக அங்கே ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க நமக்கு உரிமை கிடையாது. தயவுசெய்து வாங்காதீர்கள். துளைகள் நிறைந்த பீங்கான் பாறை இப்போது கொளத்தூரிலேயே கிடைக்கிறது. பார்க்க முதலில் வெளுப்பாக இருக்கும், ஆனால் நுண்ணுயிர் குடியேற அந்தத் துளைகள் போதும்.

"அண்ணா, இந்தப் பாட்டிலை ஊத்துங்க, நாளைக்கே மீன் விடலாம்" என்றார் இன்னொரு கடைக்காரர். பாக்டீரியா பாட்டில் பொய்யல்ல, உதவும். ஆனால் ஊற்றிய மறுநாளே தொட்டி தயாராகிவிடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியாவில் ஒரு கூட்டம் நைட்ரைட்டாகவும் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்தக் கூட்டங்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நன்னீர்த் தொட்டியில் இருந்தவை முழு உப்பில் அப்படியே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதோடு, கடல் நீரின் பி.எச் 8.1-இலிருந்து 8.3 வரை. அந்தக் காரத்தில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். தங்கமீன் சமாளித்த அளவே கடல் மீனை முடித்துவிடும். நான் மீனே இல்லாமல், பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு போட்டுத் தொட்டியைப் பழக்கினேன்.

சோதனைக்கு ஏ.பி.ஐ நிறுவனத்தின் கிட். இதை மனதாரப் பாராட்டுவேன். 5 மி.லி. தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு. அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். முதல் வாரங்களில் கரும்பச்சையாகவே இருந்த குழாய், ஒரு காலையில் சன்னலோரம் வைத்துப் பார்த்தபோது தெளிந்த மஞ்சளாக நின்றது. எவ்வளவோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான், அந்த மஞ்சளைப் பார்த்த சந்தோஷம் தனி. குறிப்பு: அட்டையோடு ஒப்பிடும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள், தொட்டியின் நீல விளக்கில் எல்லா நிறமும் மாறித் தெரியும். நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். வாங்கும்போது பாட்டிலைத் திருப்பி லாட் எண்ணைப் பாருங்கள். வெயில் படும் அலமாரியில் தூசியோடு இருக்கும் கிட் வேண்டாம்.

தொட்டியில் துளை போடாமல் பின்னால் மாட்டும் ஸ்கிம்மர் வாங்கினேன். நன்னீரில் இது வேலை செய்யாது. உப்பு நீரில்தான் குமிழ்கள் அவ்வளவு சிறிதாக நிற்கும், புரதக் கழிவு அவற்றில் ஒட்டி மேலேறும். கோப்பையில் டிகாக்‌ஷன் நிறத்தில் சேர்வதை முகர்ந்து பார்த்தால் இது எதற்கு என்று கேட்க மாட்டீர்கள். பழைய விளக்கு மீனுக்குப் போதும், ஆனால் அதன் இரும்புக் கிளிப் துருப்பிடிக்கும், கழற்றிவிடுங்கள்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். நீர்மட்டத்தில் காற்றடிக்கும் இரண்டு சின்ன மின்விசிறிகள் இரண்டு, மூன்று டிகிரி இறக்கும். நான் வாங்கிய கோமாளி மீனுக்கு (கிளவுன்ஃபிஷ்) அது போதும், பவளம் வளர்க்கப் போதாது. விசிறியால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் உப்பில்லாத பூஜ்ஜியத் தண்ணீர். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் அதுவரை ஊற்றுகிறேன்.

இனி மீன். "ஹேச்சரி மீனா, கடலில் பிடிச்சதா?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டேன். பதில் சொல்லத் தெரிந்த கடைகள் குறைவு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் நுட்பத்தை மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கொண்டுவந்து பல வருடம் ஆகிறது. நம் கரையிலேயே இந்த வேலை நடக்கும்போது கடலிலிருந்து அள்ளிய மீனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் வாங்கிய ஜோடி பண்ணையில் வளர்ந்தது. கடைக்காரர் சொன்னது மட்டுமல்ல, சின்னக் குருணைத் தீவனத்தைப் போட்டதும் இரண்டும் மேலே வந்து தின்றன. புதிதாகக் கடலில் பிடித்த மீன் அவ்வளவு எளிதில் குருணையைத் தொடாது. கடைத் தொட்டியின் உப்பையும் என் கருவியால் பார்த்தேன், 27 இருந்தது. நோய்க்காகக் குறைத்து வைத்திருப்பதாக மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அந்தக் கடைக்கு மறுபடி போவேன். வீட்டில் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, பொறுமையாக 35-க்குக் கொண்டுவந்த பிறகு இறக்கினேன்.

ஸ்டாண்டு, விசிறி, பீங்கான் பாறை, வேவ்மேக்கர், பண்ணைக் கோமாளி மீன் இவற்றுக்குக் கொளத்தூருக்குத் தாராளமாகப் போங்கள். உப்பை சீல் வைத்த வாளியாக மட்டும் வாங்குங்கள். ரெசினும் மெம்பரேனும் ஆர்.ஓ கடையில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். வார நாள் காலையில் போனால் தீவனம் போடும் நேரமாக இருக்கும், எந்த மீன் தின்கிறது, எது மூலையில் ஒதுங்கி நிற்கிறது என்று நீங்களே பார்த்து வாங்கலாம்.