வேலூர் வெயிலுக்கு எந்த ஐஇஎம்? கேஇசட், மூன்ட்ராப், செவன்ஹெர்ட்ஸ்

காட்பாடியில் ரயில் ஏறினால் அரக்கோணம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாலையில் திரும்பி வர இன்னொரு மணி நேரம். சீசன் டிக்கெட்டில் போய்வரும் எனக்கு நிம்மதியாகப் பாட்டுக் கேட்கக் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம்தான். அதனால் பழைய இயர்போன் போனதும், இரண்டாயிரம் ரூபாய் பக்கத்தில் வயர் உள்ள நல்ல ஐஇஎம் ஒன்றை நிதானமாகத் தேடினேன். மேடைப் பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்காகக் காதுக்குள் மாட்டிக்கொள்ளும் இன்-இயர் மானிட்டரின் வழிவந்த பொருள் இது. இப்போது சீனக் கம்பெனிகளின் புண்ணியத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிறது.

கடைசியில் மூன்று பெயர்கள் நின்றன: கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ, செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2, மூன்ட்ராப் சூ 2. நான் வாங்கியது சூ 2. ஒரு கோடை முழுக்க அதோடுதான் போய்வந்தேன். மற்ற இரண்டும் எனக்கு இரவல் பழக்கம்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பொதுவான சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். மூன்றிலும் பக்கத்துக்கு ஒரு 10 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது சத்தத்தை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். மூன்றிலும் கேபிளைக் கழற்றி மாற்றலாம். 2022இல் வந்த முதல் சூவில் அந்த வசதி இல்லை, அதனால் பழைய ஸ்டாக்கை யாராவது மலிவாகத் தந்தால் பார்த்து வாங்குங்கள். சூ 2, ஜீரோ 2 இரண்டிலும் 0.78 மி.மீ. இரண்டு முள் கேபிள். கேஇசட்டில் உறை போட்ட 0.75 மி.மீ. முள். ஒன்றின் கேபிளை இன்னொன்றில் அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டாம். போனில் ஜாக் இல்லையென்றால் ஒரு டைப்-சி டாங்கிள் போதும், தனி ஆம்ப்ளிஃபயர் எதுவும் தேவையில்லை.

இனி ஒலிக்கு வருவோம். என் தங்கை மகன் விஐடியில் படிக்கிறான். அவனிடம் இருப்பது கேஇசட். “மாமா, இதைப் போட்டுப் பாருங்க, தவில் அடி நெஞ்சுல இறங்கும்” என்று கொடுத்தான். உண்மைதான், இறங்கியது. ஆயிரம் ரூபாய்க்குள் இவ்வளவு அடி வேறு எதில் கிடைக்கும் என்று தெரியவில்லை. ஆனால் பேஸும் மேல்சுருதியும் தூக்கலாக இருப்பதால் நடுவில் நிற்கிற குரல் ஓரடி பின்னால் போய்விடுகிறது. அரை மணி நேரத்துக்குள் ‘ச’ வரும் இடமெல்லாம் காதைக் குத்த ஆரம்பித்தது. அவன் வயதில் எனக்கும் பிடித்திருக்கும்.

ஜீரோ 2 அலுவலக நண்பருடையது. ஆடியோ விமர்சகர் கிரினக்கிளோடு சேர்ந்து ஒலியமைத்தது. பேஸ் ஆழமாக இருந்தாலும் குரலை மறைப்பதில்லை, சத்தம் இதமாகவும் இருக்கிறது. பழைய சினிமாப் பாடல்களில் பேஸ் கிட்டார் ஓடும் தடத்தைத் தனியாகப் பின்தொடர முடிந்தது. ஒலியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், ரயில் இரைச்சலில் கேட்பவருக்கு இதுவே பொருத்தம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். மார்கழியில் இரண்டு வாரம்தான் என் கையில் இருந்தது, கோடையில் போட்டுப் பார்த்ததில்லை.

சூ 2இல் பேஸ் அளவோடுதான் இருக்கும். முதல் நாள் ‘இவ்வளவுதானா’ என்றுகூடத் தோன்றலாம். ஒரு வாரம் பொறுத்திருங்கள். வீணையில் மீட்டிய நாதம் அடங்குகிற வரை பின்னாலேயே போகலாம், மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக விழும், பாடகர் மூச்சு வாங்கும் இடம் கேட்கும். குரலுக்காகக் கேட்பவர்களுக்கு இந்த விலையில் இதைவிட்டு வேறு போக மனம் வராது.

அணியும் சுகம் முக்கால்வாசி டிப்ஸ் என்கிற ரப்பர் முனைகளைப் பொறுத்தது. ரப்பர் முனை காது துவாரத்தை முழுசாக அடைக்காவிட்டால் எந்த ஐஇஎம்மிலும் பேஸ் கேட்காது, குறையை டிரைவர் மேல் போடக் கூடாது. திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது தடதடப்பு பாதியாகவாவது குறைகிறதா என்று பார்ப்பேன். குறையவில்லையென்றால் டிப்ஸ் அளவு தப்பு. எனக்கு இடது காதுக்குச் சின்னதும் வலதுக்கு நடுத்தரமும் சரியாக அமைந்தன. கேஇசட், ஜீரோ 2 இரண்டுக்கும் பிளாஸ்டிக் உடல், எடை தெரியாது. ஆனால் ஜீரோ 2இல் டிப்ஸ் மாட்டும் முனைக்குழாய் சற்றுத் தடிமன், சின்ன காதுக்காரர்களுக்கு இறுக்கும். சூ 2 உலோகம் என்றாலும் உருவம் சின்னது, காதுக் குழிக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணாடி போடுபவர்களுக்கு மூன்றிலும் ஒரே சங்கடம்தான்: கண்ணாடிக் காம்பும் கேபிளும் காதுமடலில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். கண்ணாடியைக் கடைசியில் மாட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம், நான் சூ 2 பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் ஒரு சின்ன வலை. எந்த ஐஇஎம்மிலும் ஒலி வெளியே வரும் குழாயின் வாயில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். அழுக்கு உள்ளே போகாமல் தடுப்பதும், மேல்சுருதியை மட்டுப்படுத்துவதும் அதன் வேலை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில், வேர்வையும் காது மெழுகும் போய் உட்காரும் இடமும் அதுதான். அத்தனை நுண்ணிய துளைகளில் ஈரம் பட்டால் நீர் படலமாக நின்று காற்றை அடைத்துவிடும். அந்தப் பக்கம் சத்தம் குறையும். ஈரம் காய்ந்தாலும் வேர்வை உப்பும் மெழுகும் தங்கிவிடும். நாளாக ஆக அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

இதற்கு முன் நான் வைத்திருந்த ஒன்று, கம்பெனி பெயர் வேண்டாம், இப்படித்தான் போனது. ஒரு சித்திரை மாதத்தில் இடது பக்கம் மங்கியது. கேபிளை மாற்றினேன், டாங்கிளை மாற்றினேன், காதில்தான் கோளாறோ என்றுகூடப் பயந்தேன். இரண்டு நாள் வீட்டில் கிடந்தபோது சரியானது, மறுபடி ஒரு பயணத்தில் மங்கியது. கடைக்குக் கொண்டுபோனால், “இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது சார், புதுசு வாங்கிக்கோங்க” என்றார்கள். டிரைவர் உயிரோடுதான் இருந்தது. அதன் வாயில் ஒட்டியிருந்த வலையைத்தான் எடுக்க முடியவில்லை. ஒரு துணுக்கு வலைக்காக முழுப்பொருளையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று என்பது இன்றும் வருத்தம்.

சூ 2இல் அந்த முனைக்குழாயே மரை போட்டது, விரலால் திருகினால் தனியாக வந்துவிடும். டிரைவரைத் தொடாமல் வலையை மட்டும் சுத்தம் செய்யலாம், தேவைப்பட்டால் மாற்றலாம். நான் பார்த்த மற்ற இரண்டிலும் இந்த வசதி இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. என் தங்கை மகன் விடுதி அறையில்தான் கேட்கிறான், அவனுடைய கேஇசட் புதுசுபோல இருக்கிறது. ரயிலில், பஸ்ஸில், நடையில் கேட்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். கேபிள் போனால் சில நூறு ரூபாயில் வாங்கலாம், டிப்ஸ் அதைவிட மலிவு. வலை ஒன்றுதான் வழியில்லாத இடமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு முனைக்குழாய்களையும் கழற்றி, உள்பக்கத்திலிருந்து வெளியே ஊதுவேன். மெழுகு ஒட்டியிருந்தால் கழற்றிய முனைக்குழாயை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு, நன்றாகக் காயவிட்டு மாட்டுவேன். ஆல்கஹால் டிரைவர் பக்கம் போகவே கூடாது. ஆம்பூர் ஷூ டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று ஐஇஎம் பையிலேயே கிடக்கிறது, தினமும் ரயில் இறங்கியதும் துடைத்து அதோடு போட்டுவைப்பேன். திரும்ப மாட்டும்போது விரல் இறுக்கம் போதும், பிளையர் போட வேண்டாம். மரை மிக நுணுக்கமானது.