கால் குடைச்சலுக்குக் காலுறையா, நடையா, ஸ்டென்டா?

கை கால்களில் ரத்த ஓட்டம் சரியில்லை என்றால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இறுக்கமான காலுறை போடு, காலைத் தலையணைமேல் தூக்கி வை, எண்ணெய் விட்டு நீவு, வெந்நீரில் காலை வை, நன்றாக நட. இதில் எதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. ஒருவருக்கு ஆறாத புண்ணை ஆற்றிக்கொடுக்கும் காலுறை, இன்னொருவர் காலில் தோலைச் சாகடித்துவிடும். ஆகவே சிகிச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், கோளாறுகளை அப்படிப் பார்த்தாக வேண்டும்.

வரத்தா, வடிகாலா?

இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி வரத்துக் கால்வாய், திருப்பிக் கொண்டுபோகும் சிரை வடிகால். வரத்தில் அடைப்பு என்றால் கால் காய்கிறது. வடிகால் கெட்டால் கால் தேங்குகிறது. இரண்டையும் ‘ரத்த ஓட்டக் குறைவு’ என்றே சொல்கிறோம், ஆனால் அறிகுறிகள் கிட்டத்தட்ட நேர் எதிர்.

தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்து குறுகிவிட்டால், நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் போதும், உட்காரக்கூட வேண்டாம், சில நிமிடங்களில் விட்டுவிடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கும். நோய் முற்றியவர்களுக்குப் படுத்தாலே பாதம் வலிக்கும். இரவில் எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் ஆறுதல். புண் வந்தால் விரல் நுனி, குதிகால் போன்ற இடங்களில், காய்ந்துபோய், கடுமையான வலியோடு வரும்.

சிரையில் கோளாறு ரத்தத்தை மேலே ஏற்றிவிடும் வால்வுகளில். அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். காலையில் நன்றாக இருக்கும் கால் மாலையில் கனத்து வீங்கும். உள் கணுக்காலைச் சுற்றித் தோல் பழுப்பேறி, அரித்து, கெட்டிப்படும். புண் அந்த இடத்திலேயே, ஆழமில்லாமல், நீர் வடிந்துகொண்டிருக்கும். இவர்களுக்குக் காலைத் தூக்கி வைத்தால் சுகம். தமனி அடைப்புள்ளவருக்கு அதுவே வேதனை.

மருத்துவர்கள் கையாளும் ஓர் எளிய சோதனை இதை அப்படியே காட்டும். மல்லாந்து படுக்கவைத்து இரண்டு கால்களையும் சுமார் 45 பாகைக்கு உயர்த்தி ஒன்றிரண்டு நிமிடம் பிடித்திருப்பார்கள். தமனி அடைத்த பாதம் மெழுகுபோல் வெளுக்கும். உட்காரவைத்துத் தொங்கவிட்டதும் மெதுவாக நிறம் திரும்பி, பிறகு அளவுக்கு மீறிக் கருஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பைப் பார்த்து ‘ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று நினைத்துவிடக் கூடாது.

உறுதிசெய்ய வலியில்லாத ஓர் அளவீடு இருக்கிறது. கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, டாப்ளர் கருவியின் ஒலியைக் கேட்டபடி ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்பார்கள். 1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய்; 0.40-க்குக் கீழே போனால் கடுமையானது. 1.40-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி, பட்டையால் அழுத்த முடியாமல் போவதால் எண் பொய்யாக ஏறும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். காலுறையோ அறுவையோ, எந்த முடிவுக்கும் முன்னால் இந்த எண் கையில் இருப்பது நல்லது.

ரத்த ஓட்டமே காரணமில்லாத வலிகளும் இதே வேஷத்தில் வரும். முதுகெலும்புக் குழாய் குறுகியவருக்கும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் நின்றால் விடாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடும். சர்க்கரையால் நரம்பு கெட்டவருக்குப் பாதம் எரியும், மதமதக்கும், தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும். இவர்கள் வெந்நீரில் காலை வைப்பது எல்லாவற்றிலும் மோசமான வைத்தியம்: சூடு தெரியாமல் வெந்துபோன பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும்.

தமனி என்றால்: நடை, ஸ்டென்ட், பைபாஸ்

முதலில் ஒன்று. புகையிலையை விடுவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் கட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பது ஆகியவை போட்டியில் இல்லை. எந்த வழியில் போனாலும் இவை கூடவே வரும். கால் தமனி அடைத்தவருக்கு இதயத் தமனியும் மூளைத் தமனியும் சுத்தமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. அவரது உயிருக்குப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான். சிலருக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை சேர்ப்பார்கள். பலன் உண்டு, ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

நடந்தால் மட்டும் வலி என்ற கட்டத்தில் என் ஓட்டு நடைக்கே. ஆனால் ‘தினமும் கொஞ்சம் நடங்கள்’ என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை வேறு, சிகிச்சையாகச் செய்யும் நடை வேறு. வலி வரும்வரை நடந்து, அது நடுத்தரமாக ஏறும்வரை விடாமல் தொடர்ந்து, நின்று, வலி முழுக்க அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம், கண்காணிப்பவர் ஒருவர் இருக்க. வலி வந்ததும் பயந்து நிறுத்திக்கொள்பவருக்கு முழுப் பலன் கிடைப்பதில்லை.

2012-இல் வெளியான ‘கிளெவர்’ ஆய்வு, வயிற்று, இடுப்புத் தமனி அடைப்புள்ள 111 பேரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் நடக்க முடிந்த நேரம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2 நிமிடம், ஸ்டென்ட் (குறுகிய தமனியை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம், பயிற்சி நடை நடந்தவர்களுக்கு 5.8 நிமிடம் கூடியிருந்தது. ஸ்டென்ட் எளிதில் நிலைக்கும் இடத்திலேயே நடை முந்தியது! ஆனால் ‘வாழ்க்கை எப்படி இருக்கிறது’ என்று கேட்டபோது ஸ்டென்ட் குழுதான் அதிகத் திருப்தி காட்டியது. 18 மாதத்தில் நடைநேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கைவிட்டால் நடையின் பலன் போய்விடும், ஸ்டென்டும் நாளடைவில் அடைத்துக்கொள்ளலாம். எனவே நடையை ஒழுங்காகச் செய்து பார்த்தும் வேலைக்கே போக முடியவில்லை என்றால் ஸ்டென்ட்.

மாத்திரையில் சிலோஸ்டசோல் (100 மில்லிகிராம், இரு வேளை) நடைதூரத்தை ஓரளவு கூட்டும். தலைவலி, படபடப்பு, பேதி சகஜம். இதயச் செயலிழப்பு உள்ளவர் தொடவே கூடாது. பென்டாக்ஸிஃபிலின் பழைய கை, இன்றைய வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

படுத்தாலும் வலி, ஆறாத புண், விரல் கறுப்பு என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. இங்கே நடை சிகிச்சை இல்லை. ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கால் பிழைக்கும், கேள்வி அடைப்பை உள்ளிருந்து விரிக்கும் பலூனா, அதைத் தாண்டி மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவையா என்பதுதான். 2022-இல் வந்த ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வில், ஒட்டுப்போடக் காலில் தோலடியில் ஓடும் நீண்ட சிரை நல்ல நிலையில் உள்ளவர்களுக்குப் பைபாஸ் தெளிவாக முந்தியது: மறுபடி பெரிய சிகிச்சை, காலிழப்பு, இறப்பு இவற்றில் ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸில் 42.6 சதவீதம், பலூன்-ஸ்டென்ட் வழியில் 57.4 சதவீதம். அடுத்த வருடமே ‘பேசில்-2’ நேர்மாறாகச் சொன்னது. காலிழப்போ இறப்போ நேர்ந்தவர்கள் பைபாஸில் 63 சதவீதம், பலூன் வழியில் 53. இரண்டும் ஒரே மாதிரியான நோயாளிகளைப் பார்க்கவில்லை. பேசில்-2-இல் எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகளிலும் வேலை தேவைப்பட்டது. ஆகவே ‘இதுதான் சிறந்தது’ என்று ஒற்றை வரியில் சொல்பவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: அடைப்பு எந்த உயரத்தில், ஒட்டுக்குச் சிரை தேறுமா, இதயம் மயக்க மருந்தைத் தாங்குமா?

சிரை என்றால்: காலுறை, லேசர், நுரை ஊசி

இங்கே காலுறைக்கு முழு மரியாதை. கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி நெய்தது அது. வெரிகோஸ் வெயினுக்கு (புடைத்து முறுக்கேறிய சிரை) பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு. ஆறிய புண் திரும்பாமலிருக்க 30 முதல் 40. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே போட வேண்டும், வீங்கிய பிறகு ஏறாது. இரவில் கழற்றிவிடலாம். முழங்காலுக்குக் கீழே சுருண்டு ஒரு வளையமாகிவிட்டால் அது வடிகாலைத் திறக்கவில்லை, கட்டுகிறது. மேலே சொன்ன கணுக்கால்-கை அழுத்த எண் 0.50-க்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கமே வரக் கூடாது.

காலுறையின் குறை, அது கெட்ட வால்வைச் சரிசெய்யாது; போட்டிருக்கும்வரைதான் வேலை செய்யும். கெட்ட சிரையை லேசரால் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் உள்ளிருந்தே மூடிவிடுவது நிலையான வழி. மரத்துப்போகும் ஊசி போதும், அன்றே வீடு திரும்பலாம். சிரைக்குள் மருந்து நுரையைச் செலுத்தி மூடும் நுரை ஊசி இன்னும் எளிது, ஆனால் 798 பேரைக் கொண்ட ‘கிளாஸ்’ ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகளில் லேசரும் அறுவையும் நுரையைவிட நன்றாக நின்றன. சிரைப்புண் வந்துவிட்டவர் ‘முதலில் புண் ஆறட்டும்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் வந்த ‘எவ்ரா’ ஆய்வில் அழுத்தக் கட்டோடு சேர்த்து உடனே சிரையை மூடியவர்களுக்குப் புண் ஆற நடுமட்டமாக 56 நாள் ஆனது, தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

கைகள்

கைகளில் கதை சுருக்கம். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து எழுப்பிவிடுகிறதா? அநேகமாக மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, ரத்த ஓட்டத்தில் குறையில்லை. குளிர்பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அது 1862-இல் மோரிஸ் ரெய்னோ விவரித்த கோளாறு. இளவயதில், இரு கைகளிலும் ஒரேபோல் வந்தால் பெரும்பாலும் கையுறையும் கதகதப்பும் போதும், போதாவிட்டால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரை. நாற்பதுக்குப் பிறகு புதிதாக வந்தால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் வந்தால், பின்னால் தோலைக் கெட்டிப்படுத்தும் ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். இளவயதில் புகையிலைப் பழக்கமுள்ளவருக்குக் கைவிரலும் கால்விரலும் கறுத்தால் அநேகமாகப் பர்ஜர் நோய் (புகையிலையால் சிறு ரத்தக்குழாய்கள் அழன்று அடைபடுவது). புகையிலையை அடியோடு விடுவதற்கு நிகரான வேறு மருந்தே இந்த நோய்க்கு இல்லை. குறைத்துக்கொள்வது கணக்கில் வராது.

விளம்பரத்தில் வருபவை

ஜிங்கோ மாத்திரை: கால் தமனி நோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படியான பலன் ஆய்வுகளில் தென்படவில்லை. குதிரைச் செஸ்ட்நட் சாறு: சிரை வீக்கத்துக்குக் குறுகிய காலத்தில் ஓரளவு உதவுகிறது, தமனிக்கு அதோடு சம்பந்தமில்லை. அதிரும் பாத மசாஜ் கருவி: அலுப்புக்குச் சுகம், அடைப்பைத் திறக்காது. ஒரே கால் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் கருவியும் வேண்டாம், கையால் நீவவும் வேண்டாம். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். மாறாகக் கையோ காலோ சட்டென்று சில்லிட்டு, வெளுத்து, நாடி தெரியாமல் போனால் தசை பிழைத்திருப்பது சுமார் ஆறு மணிநேரக் கணக்கு. அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் அவசரப் பிரிவு.