வன்னி வெயிலில் பன்னிரண்டு வருடம்: என்னோடு வாழும் யமஹா கிற்றார்கள்

2012 ஆம் ஆண்டு. மீளக் குடியேறி இரண்டாவது வருடம். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் யமஹா எஃப் 310 ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்தேன். முறிகண்டியில் பஸ் நின்றபோது எல்லாரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் இறங்கினார்கள். எனக்குக் கிற்றாரைச் சீற்றில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். அப்போது எங்கள் வீட்டுக்குத் தறப்பாள் கூரை. சட்டி பானைக்கு அடுத்ததாக அந்த வீட்டுக்குள் வந்த பெரிய சாமான் அதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியை இடம்பெயர்வில் விசுவமடு வரைக்கும் சுமந்து வந்து, அதற்கு மேல் ஏலாமல் விட்டுவிட்டுப் போனது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

அந்த எஃப் 310 இப்பவும் இருக்கிறது. 2018 இல் ஒரு எஃப்ஜி 800 சேர்ந்தது. இவை இரண்டும் என்னுடையவை. ஆனால் நான் வாசித்துப் பழகியவை இன்னும் கூட. எங்கள் பக்கத்தில் யமஹா என்றால் உயிரை விடும் ஆட்கள் நாலு பேர் இருக்கிறோம்: ஒட்டுசுட்டானில் நான், மல்லாவியில் ஒரு அண்ணை, முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் ஒரு தம்பி, கிளிநொச்சியில் ஒரு ரீச்சர் அக்கா. மாதக்கணக்கில் கிற்றாரை மாற்றி மாற்றி வைத்திருப்போம். ஒரு கிற்றார் எப்படிப்பட்டது என்று கடையில் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கோடையும் ஒரு மாரியும் அதோடு இருந்து பார்க்கவேணும்.

ஏன் யமஹா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது தோரகுசு யமஹாவின் கதையை. 1887 இல் ஜப்பானின் ஹமமாட்சு நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழுதாய்க் கிடந்த ஓர்கனைத் திருத்தப் போனவர், இதைத் தானே செய்யலாம் என்று தொடங்கினார். செய்த முதல் ஓர்கனைக் காவுதடியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்திலிருந்த தோக்கியோவுக்கு நடந்தே கொண்டுபோனார். அங்கிருந்த இசைக் கல்லூரியில், உருவம் நல்லாயிருக்கிறது, சுருதி பிழை என்று சொல்லிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கிச் சுருதி படித்தார். பிறகு வந்து இரண்டாவதைச் செய்தார். 1897 இல் நிப்பொன் காக்கி என்ற பெயரில் கம்பனி ஆனது; யமஹா கோப்பரேசன் என்று பெயர் மாறியது 1987 இல்தான். இசைப்பெட்டியைச் சுமந்து நடந்த ஒருவரின் பெயர் என் கிற்றாரின் தலையில் இருப்பது எனக்குச் சின்ன விசயமில்லை.

அந்தப் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னத்தைப் பாருங்கள்: மூன்று இசைக்கவைகள், குறுக்கும் நெடுக்குமாக. முல்லைத்தீவுத் தம்பியின் படகு இஞ்சினிலும் அதே மூன்று கவைகள். 1955 இல் மோட்டார் கம்பனி தனியாகப் பிரிந்தபோது சின்னத்தையும் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கிற்றாரில் கவைகளின் நுனி வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும்; இஞ்சினில் வட்டத்தின் விளிம்பை முட்டும். கரையில் இஞ்சினையும் கிற்றாரையும் பக்கத்தில் வைத்துத் தம்பிக்கு அதைக் காட்டினேன். "இவ்வளவு நாளும் கையிலயே வச்சிருந்தும் நான் கவனிக்கேல்லை அண்ணை" என்றான்.

இனிக் கிற்றாருக்கு வருகிறேன். எஃப் 310 இன் மேல்முகம் ஒட்டுப்பலகை. ஸ்புரூஸ் மரத்தை மெல்லிய தாள்களாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியது. எஃப்ஜி 800 இன் மேல்முகம் அசல் ஸ்புரூஸ் பலகை. வித்தியாசம் கண்டுபிடிக்க விலைச்சீட்டு தேவையில்லை: நடுவிலுள்ள வட்ட வாயின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து கீழே இறங்கினால் அசல் பலகை. விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை.

கிற்றார் தெரிந்த எவரும் அசல் பலகையை வாங்கு என்றுதான் சொல்வார்கள். சத்தத்துக்கு அது சரி. எஃப்ஜி 800 ஐக் கையில் எடுத்த முதல் நாளே ஆறாம் கம்பியின் அதிர்வு நெஞ்சில் வந்து முட்டியது. 2016 இல் இந்த வரிசையை வெளியிட்டபோது, மேற்பலகையின் உட்புறத்தில் தாங்கி நிற்கும் சட்டங்களை அங்கங்கே சீவிக் குழிவாக்கியிருந்தார்கள். பாரம் குறைந்து பலகை தாராளமாக அதிரும். வருடம் போகப் போக என் எஃப்ஜியின் குரல் விரிந்துகொண்டு வருவது எனக்குக் கேட்கிறது. எஃப் 310 இன் சத்தம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எப்படியோ இன்றும் அப்படியே.

ஆனால் நாங்கள் இருப்பது வன்னியில். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் சோழகம் புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மனிசராலேயே இருக்க ஏலாது. ஐப்பசி பிறந்தால் மழை. கார்த்திகை, மார்கழியில் சுவரெல்லாம் ஈரம். அசல் பலகை இந்த ஈரத்தைக் குடித்துப் புடைக்கும், வெக்கையில் காய்ந்து சுருங்கும். மேல்முகம் புடைத்தால் கம்பி உயரும், விரல் நோகும். சுருங்கினால் கம்பி தாழ்ந்து, விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றான பிரெட்டில் முட்டி இரையும். பிரெட்டின் நுனிகள் விரல் பலகைக்கு வெளியே எட்டிப் பார்த்து உள்ளங்கையைக் கீறும். ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் ரேகை நெடுக்கே ஓடினால் அடுத்த தாளின் ரேகை குறுக்கே ஓடும். ஒன்று விரிய வெளிக்கிட்டால் மற்றது விடாது. அதனால்தான் என் எஃப் 310 தறப்பாள் கொட்டிலிலும் இருந்தது, தகர வீட்டிலும் இருந்தது, இன்று வரைக்கும் நேராக நிற்கிறது. கழுத்துக்குள் ஓடி அதை நேராக வைத்திருக்கும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலை இரண்டே இரண்டு தடவைதான் திருகினேன், அதுவும் ஒவ்வொரு தடவையும் கால் சுற்று.

எஃப்ஜி 800 க்கு நான் இரண்டு சடில், அதாவது கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டு, வைத்திருக்கிறேன். எலும்பில் செய்தவை, ஒன்று மாரிக்கு, ஒன்று கோடைக்கு. மாரிச் சடில் கொஞ்சம் பதிவு, கோடைச் சடில் கொஞ்சம் உயரம். 12 ஆம் பிரெட்டில் ஆறாம் கம்பிக்குக் கீழே இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் எனக்குச் சுகம். கம்பியைத் தளர்த்தி, ஒன்றைக் கழற்றி மற்றதை வைக்கக் கால் மணித்தியாலம் போதும். அசல் பலகைக் கிற்றார் வாங்கிய எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு பிழை நானும் விட்டேன். 2019 ஆனி மாதம், வற்றாப்பளைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது எஃப்ஜியைப் பூட்டிய வானுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு மணித்தியாலம். வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கிழமை கம்பி கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்த பஸ் ரிக்கற்றை எடுத்துப் மேல்முகத்தில் கம்பிகள் வந்து முடியும் கட்டையான பிரிட்ஜின் பின் விளிம்புக்குக் கீழே விட்டுப் பார்த்தேன். தடையே இல்லாமல் அரை விரல்கடை உள்ளே போனது. வெக்கையில் பசை இளகி, 70 கிலோவுக்கு மேலான கம்பி இழுவையில் பிரிட்ஜ் கிளம்பியிருந்தது.

நகரத்தில் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்தேன். மேலிருந்து இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கித் தந்தார். மூன்று மாதத்தில் திரும்பக் கிளம்பியது, பலகையிலும் இரண்டு ஓட்டை மிச்சம். கடைசியில் எங்கள் ஊர்த் தச்சாசாரியார் ஐயாவிடம் கொண்டுபோனேன். முதிரையிலும் பாலையிலும் கதவு நிலை செய்கிறவர். கிற்றாரை அன்றைக்குத்தான் கையில் தொடுகிறார். விரலால் மேல்முகத்தைத் தட்டிக் கேட்டார். பிறகு, "தம்பி, பழைய பசைக்கு மேல புதுப் பசை பிடிக்காது. முழுசாக் கழட்டவேணும்" என்றார். ஈரத் துணிக்கு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை நெருப்பில் காட்டி, அங்குலம் அங்குலமாக விட்டுக் கழற்றினார். இரண்டு பக்கமும் மரம் தெரியும் வரைக்கும் சுரண்டி, ஓட்டைகளை மரக்குச்சியால் அடைத்து, பசை பூசி, வட்ட வாய்க்குள்ளால் இடுக்கி போட்டு இறுக்கினார். இரண்டு நாளைக்குக் கம்பி ஏற்றக் கூடாது என்பது கட்டளை.

கம்பியைப் பிடிக்கும் ஆறு ஆணிகளில் ஒன்று அந்த அமளியில் தொலைந்துபோனது. ஐயா உடைந்த கருங்காலி உலக்கைத் துண்டொன்றை எடுத்து வந்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்து, மற்ற ஐந்தின் அளவுக்கு ஒன்றைச் செய்தார். கம்பி போகும் கீற்றையும் அரிந்தார். உலகத்தில் விலைகூடிய கிற்றார்கள் பலவற்றின் விரல் பலகைக்குக் கருங்காலியைத்தான் தேடுகிறார்கள். எங்கள் காட்டில் வளரும் மரம். இன்று வெட்டத் தடை, அது நல்லது. யாரோ ஒரு ஆச்சி நெல்லுக் குத்திய உலக்கை என் நாலாம் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேலாகிறது, பிரிட்ஜ் ஒரு மயிரளவும் அசையவில்லை.

மல்லாவி அண்ணையிடம் இருப்பது எங்கள் எல்லாருக்கும் பொக்கிசம்: எஃப்ஜி 180, சிவப்பு லேபல், உள்ளே நிப்பொன் காக்கி என்ற பழைய பெயர். ஜேர்மனியிலிருந்து மாமா ஒருவர் அனுப்பியது. எஃப்ஜி என்றால் போக் கிற்றார், நாட்டார் பாட்டுக்குரிய கிற்றார். அந்த வரிசை தொடங்கியதே 1966 இல் எஃப்ஜி 180, எஃப்ஜி 150 என்ற இரண்டோடுதான். 1969 இல் அமெரிக்காவின் வுட்ஸ்ரொக் இசைவிழா மேடையில் கன்ட்ரி ஜோ மக்டொனால்ட் என்ற பாடகர் தனியாக நின்று பாடியது ஒரு எஃப்ஜி 150 ஐ வைத்துக்கொண்டு. சேகரிப்பவர்கள் தேடித் திரியும் இந்தச் சிவப்பு லேபலின் மேல்முகம் என்ன பலகை தெரியுமா? அதுவும் ஒட்டுப்பலகைதான். முதல்தடவை வட்ட வாயின் விளிம்பை ரோர்ச் அடித்துப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிய கிற்றார்; மார்கழி மழையிலும் அண்ணையின் திண்ணையில் கணீர் என்று பேசுகிறது. அதைக் கேட்ட பிறகு என் எஃப் 310 ஐ நான் மலிவுக் கிற்றார் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

கடற்கரையில் உப்புக் காற்று. இரும்புக் கம்பி இரண்டு கிழமையில் கறுத்து, மூன்றாம் கிழமையில் துருப் பிடிக்கும். பூச்சுப் பூசிய கம்பி மூன்று மாதம் தாங்கும், விலையும் அப்படித்தான். முல்லைத்தீவுத் தம்பி அதனால் நைலோன் கம்பி போடும் சி 40 வைத்திருக்கிறான். ஒருநாள் முதல் கம்பி அறுந்துபோக, வலை கட்டும் 0.7 மில்லிமீற்றர் தங்கூசி நூலை எடுத்துப் போட்டான். நாலு நாளைக்கு இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கியது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. சத்தத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. முதல் மூன்று கம்பிக்கும் தங்கூசி சரிவரும். கீழ் மூன்றுக்கும் உலோகம் சுற்றியதுதான் வேணும். சி 40 இன் கழுத்து மேல் நுனியில் 52 மில்லிமீற்றர் அகலம். சின்னக் கைக்குக் கொஞ்சம் கஸ்ரம். எஃப் 310 இல் அது 43, கம்பியின் நீளமும் 634 மில்லிமீற்றர்தான், எஃப்ஜி 800 இலும் சி 40 இலும் 650. பழகும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ரீச்சர் அக்காவிடம் ஏபிஎக்ஸ் ஒன்று இருக்கிறது. 1987 இல் தொடங்கிய வரிசை, மெல்லிய உடம்பு, மேடைக்கென்றே செய்தது. ஒலிபெருக்கி மிக்ஸரில் வயர் குத்தினால் அருமை. வீட்டில் சும்மா வாசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பராமரிப்பில் நான் கண்டது கொஞ்சம்தான். தகரக் கூரை வீட்டில் கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள், நிலம்தான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். மாரியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தால் ஈரம் பிடிக்கும்; கிழமைக்கு ஒருக்கால் திரும்ப வறுக்கவேணும். விரல் பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசவே பூசாதீர்கள். நாள்போகச் சிக்குப் பிடித்து நாறும்.

வன்னியில் முதல் கிற்றார் வாங்குகிற பிள்ளைக்கு நான் எஃப் 310 தான் சொல்வேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு புதிதின் விலை கையைச் சுடுகிறது. பழையதைத் தேடுங்கள், ரிக்கற்றை விட்டுப் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாசித்து விரல் பழகி, கிற்றாருக்குப் பாடுபடலாம் என்று மனம் வந்த பிறகு எஃப்ஜி 800.

என் எஃப் 310 இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம். பத்தாம் வகுப்பு. பின்னேரம் ஆறு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கத்தால் கேட்கும். எஃப் கோட் என்ற சுரக்கூட்டு மட்டும் இன்னும் சரிவரவில்லை. மழை தொடங்கி இரண்டு கிழமை. இன்று காலை எஃப்ஜியை அளந்து பார்த்தேன், 12 ஆம் பிரெட்டில் மூன்று மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டது. மாரிச் சடிலை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.