தாக்குபவன் உருட்டுகிறான், தடுப்பவன் தூங்குகிறான்: ஆக்சிஸ் அண்ட் அலைஸ் மூன்று வழிகளில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு, ஆக்சிஸ் அண்ட் அலைஸ் என்ற இரண்டாம் உலகப் போர்ப் பலகை ஆட்டத்தை ஆட நினைப்பவருக்கு இன்றைக்கு மூன்று வழி உண்டு. பெட்டியை வாங்கி மேசைமேல் விரிப்பது ஒன்று. கனடாவின் பீம்டாக் நிறுவனம் கணினிக்குச் செய்த 'ஆக்சிஸ் அண்ட் அலைஸ் 1942 ஆன்லைன்' இன்னொன்று. மூன்றாவது 'ட்ரிபிள்ஏ', ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் மென்பொருள். எது உசத்தி என்று எங்கள் கோஷ்டிக்குள் (டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இரண்டு பேர், பீனிக்ஸ் பகுதியில் ஒருவர், ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர், சென்னையில் ஒருவர்) நடக்கும் சண்டை, ஆட்டத்துக்குள் நடப்பதைவிடச் சூடானது. வெளியில் மற்ற ஆட்டக்காரர்கள் எழுதுவதைப் படித்தாலும் இதே சண்டைதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாரி ஹாரிஸ் வடிவமைத்தது. 1981இல் நோவா என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது, 1984இல் மில்டன் பிராட்லி எடுத்துப் பெரிய பெட்டியாகப் போட்ட பிறகுதான் பரவியது. ஜெர்மனியும் ஜப்பானும் ஒரு பக்கம், சோவியத்தும் பிரிட்டனும் அமெரிக்காவும் மறுபக்கம். ஒவ்வொரு முறையும் ஐபிசி என்ற உற்பத்திப் பணத்தில் படை வாங்கி, நகர்த்தி, பகடை உருட்டி, கையிலிருக்கும் நிலத்துக்கு வருமானம் வாங்க வேண்டும். காலாட்படை 3 ஐபிசி, தாக்கும்போது பலம் 1, தடுக்கும்போது 2. டாங்கி 6 ஐபிசி, இரண்டுக்கும் 3. பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் அடி விழுந்தது என்று கணக்கு. பல பதிப்புகள் இருக்கின்றன; பீம்டாக் எடுத்துக்கொண்டது 2012இல் வந்த 1942 இரண்டாம் பதிப்பை.

முதலில் பெட்டி. ஐந்து பேரும் ஒரே வீட்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மனைவி மக்களிடம் திட்டு வாங்காமல் கூடினால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் காய்களை அடுக்கி முடிக்கவே பொறுமை போய்விடும், ஆட்டம் ஐந்தாறு மணி நேரம் ஓடும், பாதியில் யாராவது கிளம்பினால் அவர் நாட்டை யார் பார்ப்பது என்று பஞ்சாயத்து வேறு. இங்கே கடைகளில் பெட்டி எளிதில் கண்ணில் படுவதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும். விதிகளை யாரோ ஒருவர் முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்பது தனித் தொல்லை. நீர்மூழ்கிக்கும் நாசகாரிக் கப்பலுக்கும் உள்ள உறவை ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பீம்டாக்கின் ஆட்டம் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2019இல் முன்னோட்டமாக ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்து 2021இல் முழு வெளியீடு ஆனது. காய் அடுக்கும் வேலை இல்லை, விதியை மீற வழி இல்லை, விதியைப் பற்றிய சண்டையே கிடையாது. உங்கள் முறையை ஆடிவிட்டு மூடிவிட்டுப் போகலாம், அடுத்தவர் அவருக்குத் தோதான நேரத்தில் ஆடுவார். சென்னைக்கும் டர்பனுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அவர் தூங்கப் போகும்போது எங்களுக்கு வேலையே அப்போதுதான் முடிந்திருக்கும். அதோடு 2022, 2023 வாக்கில் இங்கே லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனதே, அந்தக் காலத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கரண்டோடு இருப்பதே லாட்டரி, அப்போது இப்படி விட்டு விட்டு ஆடும் ஏற்பாடு மட்டும்தான் எங்கள் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. முகம் தெரியாத ஆட்களோடு மோத ஆசைப்பட்டால் தரவரிசைப் போட்டியும் இருக்கிறது, ஆள் தேடி அலைய வேண்டாம்.

இனி குறை. ஆட்டக்காரர்கள் அதிகம் திட்டுவதும், நியாயமாகத் திட்டுவதும் ஒரே விஷயத்தைத்தான். மேசையில் ஆடும்போது எதிரி தாக்கினால் எந்தக் காயைப் பலி கொடுப்பது என்று தடுப்பவன் தானே முடிவு செய்கிறான். காலாட்படையைக் கொடுத்துப் போர்விமானத்தைக் காப்பாற்றுவானா, அல்லது அடுத்த முறை டாங்கி எப்படியும் மாட்டும் என்று இப்போதே அதைக் கொடுத்துவிடுவானா? அரை நிமிட யோசனைதான், ஆனால் ஆட்டத்தின் பாதி சாமர்த்தியம் அங்கே இருக்கிறது. பீம்டாக் ஆட்டத்தில் தாக்குதல் நடக்கும்போது தடுப்பவன் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், எது முதலில் சாக வேண்டும், நீர்மூழ்கி எப்போது மூழ்கித் தப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே உத்தரவாக அமைத்து வைக்க வேண்டும். நிலவரம் எப்படித் திரும்பினாலும் சண்டை அந்த உத்தரவுப்படிதான் நடக்கும். எங்கள் பீனிக்ஸ் தம்பி ஒரு ஆட்டத்தில் காலையில் எழுந்து பார்த்துவிட்டு அனுப்பிய குரல் செய்தி இப்படித் தொடங்கியது: "அண்ணா, நான் அங்க இருந்திருந்தா அந்தப் பிளேனைக் கொடுத்திருக்கவே மாட்டேன்."

இன்னொன்று கப்பல் விவகாரம். அமெரிக்கப் போர்விமானம் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது, ஒரு நாட்டுக் கப்பல் இன்னொரு நாட்டுப் படையை ஏற்றிச் செல்வது, இதெல்லாம் மேசை ஆட்டத்தில் நேச நாடுகளின் பழைய வித்தை. பீம்டாக் ஆட்டத்தில் இது கிடையாது. காரணம் புரிகிறது, ஒருவர் முறையில் இன்னொருவர் காயைத் தொட்டால் விட்டு விட்டு ஆடும் ஏற்பாடு குழம்பும். ஆனால் பிரிட்டனையும் அமெரிக்காவையும் இரண்டு நண்பர்கள் ஆடும்போது அந்தக் கூட்டுச் சதிதானே சுகம்? அதை எடுத்துவிட்டால் நேச நாடுகள் என்பது ஒரே தெருவில் தனித்தனிக் கடை வைத்திருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுகிறது.

பகடையைப் பற்றிய புலம்பலுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. "பகடை மோசடி, கணினி வேண்டுமென்றே கவிழ்க்கிறது" என்று எழுதாத நாளே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு காலாட்படையும் இரண்டு டாங்கியும் தாக்கினால் சராசரியாக இரண்டு அடி விழ வேண்டும். ஒன்றுகூட விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? சுமார் 8 சதவீதம், அதாவது பன்னிரண்டு தாக்குதலுக்கு ஒன்று. ஒரு முழு ஆட்டத்தில் எத்தனை தாக்குதல் நடக்கும் என்று எண்ணினால், எல்லா ஆட்டத்திலும் யாரோ ஒருவர் இப்படி வெறுங்கையோடு திரும்பியே ஆக வேண்டும். மேசையில் அது நடந்தால் விதியை நொந்துகொள்கிறோம், திரையில் நடந்தால் நிரல் எழுதியவனைத் திட்டுகிறோம்.

ட்ரிபிள்ஏ இந்தப் புலம்பலுக்கு நேரடியாகவே ஒரு வழி வைத்திருக்கிறது. 'லோ லக்' என்று ஒரு ஏற்பாடு. தாக்கும் படையின் பலத்தையெல்லாம் கூட்டி ஆறால் வகுத்தால் வருவது உறுதியான அடி, மீதிக்கு மட்டும் ஒரே ஒரு பகடை. மேலே சொன்ன படைக்கு மொத்தப் பலம் 12, ஆகவே சரியாக இரண்டு அடி, உருட்டவே வேண்டாம். சதுரங்கம் ஆடிப் பழகியவர்களுக்கு இது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, ஜெர்மனி எங்கே நிற்கும் என்று முதல் முறையிலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன போர்?

ட்ரிபிள்ஏயின் மற்ற பலங்களை மறுக்க முடியாது. ஒரே வரைபடத்தோடு நிற்காமல் பல பதிப்புகள், உலகம் முழுவதையும் விரிக்கும் 1940 ஆட்டம் உட்பட, எக்கச்சக்கமாக இருக்கின்றன. சண்டைக்கு முன் வெற்றி வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும் கருவி உள்ளேயே இருக்கிறது. பலவீனமான பக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்துத் தொடங்கும் ஏலப் பழக்கத்துக்கும் இடம் இருக்கிறது; 1942 ஆட்டத்தில் அச்சு நாடுகளின் கை ஓங்கியிருப்பதாக அனுபவசாலிகள் பலர் நினைப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நேச நாட்டுக் கப்பலில் விமானம் இறக்கலாம். தனியாக ஆடினாலும் அதன் கடினமான கணினி எதிரி பீம்டாக்கின் கணினி எதிரியைவிட நன்றாகவே கடிக்கும். பீம்டாக் கணினியோடு கொஞ்ச நாள் ஆடினால் அதன் மூளை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு கொட்டாவிதான்.

ஆனால் பார்க்க அழகாக இருக்காது. ஜாவாவில் எழுதியது, முதல் தடவை திறந்தால் ஏதோ அலுவலகக் கணக்கு மென்பொருள் போலத் தோன்றும். வரைபடங்களைத் தனியாக இறக்க வேண்டும், அங்கே ஆக்சிஸ் அண்ட் அலைஸ் என்ற பெயரே கண்ணில் படாது. 'வேர்ல்டு வார் டூ வி5 1942' என்று தேடினால்தான் நாம் கேட்கும் இரண்டாம் பதிப்பு வரும். புது ஆளுக்கு இங்கேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும்.

ட்ரிபிள்ஏ ரசிகர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயமும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்து ஆடினால் தடுப்பவனுக்குத் திரையில் கேள்வி வரும், அவனே பலியைத் தேர்ந்தெடுப்பான், சரி. ஆனால் மின்னஞ்சல் வழியாக விட்டு விட்டு ஆடினால் அங்கேயும் தடுப்பவன் தூங்கத்தான் செய்கிறான்! அவன் காயைத் தாக்குகிறவனே எடுக்க வேண்டியிருக்கிறது. பகடையை வெளியிலுள்ள ஒரு சர்வர் உருட்டி இரண்டு பேருக்கும் முடிவை அனுப்பிவிடும், அதில் தில்லுமுல்லு நடக்காது. பலி விஷயத்தில் மட்டும் நாணயம்தான் காவல். ஆக இது பீம்டாக் செய்த பாவம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தனித்தனி நேரத்தில் ஆடும் எல்லா ஏற்பாட்டுக்கும் உள்ள நோய் இது. வித்தியாசம் என்னவென்றால், நண்பர்களோடு ட்ரிபிள்ஏ ஆடும்போது பெரிய சண்டை வந்தால் நடுவில் நிறுத்தி "தம்பி, எதை எடுக்கட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கலாம், தப்பாகப் போனால் திருத்தும் வசதியில் காயைத் திரும்ப வைக்கலாம். பீம்டாக் யாரையும் கேட்காது, திரும்பவும் வைக்காது. முகம் தெரியாதவனோடு ஆடும்போது அந்தப் பிடிவாதம் ஒரு வரம், அவன் ஏமாற்றவே முடியாது. மச்சானோடு ஆடும்போது அதே பிடிவாதம் எரிச்சல். இரண்டு மென்பொருளையும் வைத்து நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி, யாரோடு ஆடுகிறோம் என்பதைச் சொல்லாமலேயே நடப்பவை.

உலக வரைபடத்தில் நிலம் பிடிக்கும் 'ரிஸ்க்' விளையாட்டையும் சிலர் இந்தப் பட்டியலில் இழுக்கிறார்கள், 'ரிஸ்க்: குளோபல் டாமினேஷன்' கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் ஆடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. ஆப்பிரிக்கா முழுவதையும் பிடித்தால் முறைக்கு மூன்று படை கூடுதல், ஆறு நிலம், காக்க வேண்டிய வாசல் மூன்று, தென்னாப்பிரிக்காவுக்குள் கண்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் நேரே வர முடியாது. கொள்முதலும் இல்லை, கப்பலும் இல்லை. வேறு ஜாதி ஆட்டம், ஒப்பிட ஒன்றும் இல்லை.

நம் ஊர் பற்றி ஒரு வார்த்தை. 1942 வரைபடத்தில் மடகாஸ்கர் தொடக்கத்திலேயே பிரிட்டன் கையில் இருக்கும். நிஜத்தில் அது அப்போது, ஜெர்மனிக்கு அடங்கிப் போன விஷி பிரான்ஸ் அரசின் வசம். அதைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படை கூடிக் கிளம்பியது டர்பன் துறைமுகத்திலிருந்துதான், மே 5 அன்று டியேகோ சுவாரெஸில் இறங்கியது. ஆட்டத்தில் டர்பனுக்கு அந்த வேலையும் இல்லை, தென்னாப்பிரிக்கா என்பது 2 ஐபிசி தரும் ஒரு மூலை, அவ்வளவுதான். இந்த அவமானம் தாங்காமல் எங்கள் ஜோகன்னஸ்பர்க் மச்சான் பிரிட்டனாக ஆடும்போதெல்லாம் 15 ஐபிசி போட்டு அங்கே ஒரு தொழிற்சாலை கட்டுவார். முறைக்கு இரண்டு டாங்கி செய்து எகிப்துப் பக்கம் அனுப்பினால் ஜெர்மனி ஆப்பிரிக்காவில் கால் வைக்காது என்பது அவர் வாதம். அதே பணத்துக்கு ஐந்து காலாட்படை வரும், அதை இந்தியாவில் இறக்கு என்பது எங்கள் வாதம். பீம்டாக் ஆட்டத்தில் இந்த வழக்கு தீரவே இல்லை, ஒரு ஆட்டம் போனால் போனதுதான். ட்ரிபிள்ஏயில் ஆட்டத்தைச் சேமித்து, அதே இடத்திலிருந்து இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்தோம். தொழிற்சாலை கட்டிய பிரிட்டனுக்கு இந்தியாவில் போடக் காசில்லை, ஜப்பான் பர்மா வழியாக உள்ளே வந்துவிட்டது. மச்சான் பகடையைக் குறை சொல்கிறார், அடுத்த ஆட்டத்திலும் கட்டுவார்.