கால்டிக்ஸ், டியோமா, விவிசிமோ: நீங்கள் தேடியது எது என்று யார் தீர்மானிப்பது?

‘ஜாவா’ என்று ஒற்றைச் சொல்லைத் தேடுபொறியில் போடுகிறீர்கள். முதலில் எது வர வேண்டும்? நிரல்மொழியா, இந்தோனேசியத் தீவா, காப்பியா? தமிழில் தட்டியிருந்தால் மைசூரில் தயாரான அந்தப் பழைய மோட்டார் சைக்கிளும் வரிசையில் வந்து நிற்கும். சொல் ஒன்று, தேடுகிறவர்கள் நான்கு வகை.

2000-க்கும் 2003-க்கும் இடையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்றிலிருந்து மூன்று ஸ்டார்ட்அப்கள் இதற்கு விடை சொல்லக் கிளம்பின. ஸ்டான்ஃபோர்டின் கால்டிக்ஸ், “நீங்கள் யார் என்று தெரிந்தால் நானே கணித்துவிடுவேன்” என்றது. ரட்கர்ஸின் டியோமா, “அந்தத் துறையில் புழங்குபவர்கள் எதைக் காட்டுகிறார்களோ அதுதான்” என்றது. கார்னகி மெலனின் விவிசிமோ, “எல்லாவற்றையும் பிரித்து அடுக்கித் தருகிறேன், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றது. வேகம், அளவு, அழகு இதையெல்லாம்விட, முடிவெடுக்கும் உரிமை யார் கையில் என்பதில்தான் இவை மூன்றும் உண்மையில் வேறுபடுகின்றன. நான் ஒப்பிடப்போவதும் அதை வைத்துத்தான்.

கால்டிக்ஸ்: உங்களுக்கென்று ஒரு தரவரிசை

மூன்றிலும் எடைபோடச் சிரமமானது இதுதான், ஏனென்றால் அது தயாரிப்பு எதையும் வெளியிடவே இல்லை. செபாண்டர் கம்வர், தாஹர் ஹவேலிவாலா, க்ளென் ஜே என்ற மூன்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2003-ன் நடுவில் தொடங்கினார்கள். அதே செப்டம்பர் முடிவதற்குள் கூகுள் வாங்கிவிட்டது. கடை திறக்கும் முன்பே சரக்கோடு கைமாறிய கதை. ஆகவே அவர்கள் அதற்கு முன் எழுதியிருந்த ஆய்வுக் கட்டுரைகளைத்தான் மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அந்தக் கட்டுரைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அடிப்படை, கூகுளின் பேஜ்ரேங்க். இணையத்தில் இலக்கில்லாமல் சுற்றும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நூற்றுக்கு 85 முறை, தான் இருக்கும் பக்கத்திலுள்ள ஏதோ ஒரு இணைப்பைச் சொடுக்குகிறார். மீதி 15 முறை சலிப்படைந்து, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுகிறார். நீண்ட காலம் இப்படியே சுற்றினால் அவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதே அந்தப் பக்கத்தின் மதிப்பு.

இதில் கைவைக்க வேண்டிய இடம் அந்த 15 சதவீதம். தாவும்போது எங்கே வேண்டுமானாலும் விழாமல், உங்களுக்குப் பிடித்த பக்கங்களில் மட்டும் விழுந்தால்? நிரல் எழுதுகிறவருக்கு நிரல் பக்கங்களைச் சுற்றியுள்ளவை மேலே வரும், காப்பித் தோட்டக்காரருக்குக் காப்பி மேலே வரும். இது கால்டிக்ஸ் கண்டுபிடித்ததல்ல. லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் பேஜ்ரேங்க் கட்டுரையிலேயே, செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியின் முகப்புப் பக்கத்தில் மட்டும் தாவுமாறு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தது. ஆனால் அது ஒரே ஒருவருக்கான கணக்கு.

எல்லோருக்கும் செய்ய முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2003-ல் கூகுள் தன்னிடம் 300 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துக்கு ஒரு மதிப்பெண், அதற்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு பயனருக்கு மட்டும் 12 ஜிபி. அன்றைய வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கே 40 அல்லது 80 ஜிபிதான். கோடிக்கணக்கான பயனர்களுக்கு இதைச் சேமிப்பது கிடக்கட்டும், ஒரு முறை கணக்கிட்டு முடிக்கவே நாட்கணக்கில் ஆகும்.

மூவரும் மூன்று பக்கத்திலிருந்து இந்தச் சுவரை இடித்தார்கள். ஹவேலிவாலா 2002-ல் ஆளுக்கொரு தரவரிசை என்பதையே விட்டுவிட்டு, தலைப்புக்கொன்று என்று சுருக்கினார்: தன்னார்வலர்கள் இணையதளங்களை வகைபிரித்துத் தொகுத்த ஓப்பன் டைரக்டரி திட்டத்தின் 16 மேல்நிலைப் பிரிவுகளுக்கு 16 தரவரிசை போட்டுவைத்து, தேடுசொல் எந்தப் பிரிவுக்கு நெருக்கமோ அதற்கேற்பக் கலந்துகொள்வது. கம்வரின் குழு வேகத்தைப் பிடித்துக்கொண்டது. இணையத்தின் இணைப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அதே தளத்துக்குள்ளேயே சுற்றுகின்றன என்பதைக் கவனித்தார்கள். அப்படியானால் தளத்துக்குத் தளம் தனியாகக் கணக்கிட்டுப் பிறகு ஒட்டிக்கொள்ளலாமே! இந்தக் குழுவில் எண்சார் கணிதத்தின் ஜாம்பவான் ஜீன் கோலப்பும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, ஜே தன் வழிகாட்டி ஜெனிஃபர் விடோமுடன் 2003-ல் வெளியிட்டது. உங்கள் விருப்பம் 70 சதவீதம் கிரிக்கெட் பக்கம், 30 சதவீதம் நிரல் பக்கம் என்றால், உங்கள் தரவரிசை என்பது கிரிக்கெட் தரவரிசையின் 0.7 பங்கும் நிரல் தரவரிசையின் 0.3 பங்கும் சேர்ந்ததேயன்றி வேறில்லை. இது தோராயமல்ல, கணிதப்படி நிரூபிக்கப்பட்ட சமன்பாடு. ஆகவே ஆளுக்கு 12 ஜிபி வேண்டாம். முக்கியமான சில ஆயிரம் பக்கங்களுக்கு மட்டும் கணக்கிட்டுவைத்து, அவற்றிலும் பொதுவான பகுதிகளை ஒரே முறை சேமித்து, தேடும் நேரத்தில் கூட்டிக்கொண்டால் போதும்.

டியோமா: துறைக்காரர்களின் ஓட்டு

அப்போஸ்டோலோஸ் ஜெரசூலிஸ் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 2000-ல் அங்கிருந்து பிறந்த டியோமாவுக்கு நீங்கள் யார் என்ற கவலையே இல்லை. நீங்கள் ‘ஜாவா’ என்றதும், அந்தச் சொல் தொடர்பான பக்கங்களை மட்டும் தனியே பிரித்தெடுக்கும். அவற்றுக்குள் யார் யாருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, நிரலாளர் கூட்டம் ஒன்று, காப்பிக் கூட்டம் ஒன்று என்று சமூகங்களைக் கண்டுபிடிக்கும். பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மதிப்புள்ளவர் யார் என்று பார்க்கும். ஊரெல்லாம் போடும் ஓட்டு இங்கே செல்லாது, துறைக்காரர் ஓட்டு மட்டும்தான். கணினி விஞ்ஞானி ஜான் கிளைன்பர்க் 1990-களின் இறுதியில் முன்வைத்த யோசனையின் வழிவந்தது இது. அவர் முறையைத் தேடும் நேரத்திலேயே நொடிக்குள் செய்து முடிப்பது நடக்காத காரியம் என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள்; டியோமா செய்துகாட்டியது.

முடிவுப் பக்கத்தில் மூன்று பகுதிகள் இருந்தன: வழக்கமான முடிவுகள், தேடலைக் குறுக்கிக்கொள்ளப் பரிந்துரைகள், ஆர்வலர்கள் தொகுத்த இணைப்புப் பட்டியல்கள். மூன்றாவதுதான் பொக்கிஷம். ஏதோ ஒரு பேராசிரியரோ பொழுதுபோக்குக்காரரோ வருடக்கணக்கில் சேர்த்துவைத்த பக்கம், கூகுளில் எங்கோ அடியில் புதைந்து கிடப்பது, இங்கே தனிப் பெட்டியில் வந்து நிற்கும்.

பலவீனம் சரக்கில். 2002-ல் டியோமாவிடம் இருந்தது சுமார் 20 கோடிப் பக்கம், கூகுள் சொன்னது 200 கோடி. இன்னொன்று, சமூகமே உருவாகாத சின்னத் தலைப்புகளில் ஓட்டுப்போட ஆள் இருக்காது. மாறாக, தங்களுக்குள்ளேயே இறுக்கமாக இணைப்புக் கொடுத்துக்கொள்ளும் ஒரு சிறு கும்பல், பெரிய நிபுணர் குழுவைப் போல வேடம் போட்டுவிட முடியும்.

விவிசிமோ: அடுக்கித் தருபவர்

பிட்ஸ்பர்கில் ரவுல் வால்தேஸ்-பெரெஸ், ஜெரோம் பெசென்டி உள்ளிட்டோர் 2000-ல் தொடங்கிய இதற்குச் சொந்தமாக இணையப் பட்டியலே கிடையாது. மற்ற தேடுபொறிகளிடமிருந்து சில நூறு முடிவுகளை வாங்கி, அவற்றின் தலைப்பையும் துணுக்கையும் மட்டும் படித்து, அந்த நொடியிலேயே குழுக்களாகப் பிரித்து, இடப்பக்கம் கோப்புறைகளாக அடுக்கும். மொழி, தீவு, காப்பி, பயிற்சி என்று. முன்கூட்டியே வகுத்த பிரிவுகள் எதுவும் இல்லை, பெயர்கள் முடிவுகளிலிருந்தே முளைக்கும். 2004-ல் கிளஸ்டி என்ற பெயரில் பொதுமக்களுக்கு வந்தது. பெசென்டி பிற்காலத்தில் ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர்.

குறை இரண்டு. கோப்புறைப் பெயர்கள் சில சமயம் அபத்தமாக இருக்கும். பயனர் இடப்பக்கம் கண்ணைத் திருப்பி ஒரு முறை கூடுதலாகச் சொடுக்க வேண்டும். முதல் முடிவையே சொடுக்கிப் பழகியவர்களிடம் அது பெரிய கோரிக்கை.

சரி, எது தேவலை?

புதிதாக ஒரு தலைப்புக்குள் நுழைகிறவருக்கு விவிசிமோதான். தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாத நிலையில், அந்த இடப்பக்கப் பட்டியல் ஒரு பொருளடக்கமாக உதவும். கால்டிக்ஸ் முறை அங்கே இடறும். நேற்றுவரை நிரல் எழுதியவர் இன்று இந்தோனேசியாவுக்குப் பயணம் போக நினைத்தால், அவருடைய நேற்றே அவருக்குக் குறுக்கே நிற்கும். தினமும் ஒரே துறைக்குள் பத்து முறை தேடுகிறவருக்கோ கால்டிக்ஸை மிஞ்ச ஆளில்லை.

ஸ்பேமை எதிர்ப்பதில் டியோமா ஒரு படி மேல் என்றுதான் முதலில் தோன்றும், சம்பந்தமில்லாத தளங்களில் வாங்கிய இணைப்பு அங்கே பலிக்காது என்பதால். ஆனால் கால்டிக்ஸின் கணிதத்துக்கும் அந்தச் சக்தி உண்டு. 2004-ல் ஸ்டான்ஃபோர்ட், யாஹூ ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரஸ்ட்ரேங்க் செய்தது அதே 15 சதவீதத் தாவலை நம்பகமான தளங்களுக்குத் திருப்பியதைத்தான்.

அந்தரங்கம் என்று வந்தால் ஒப்பீடே இல்லை. டியோமாவும் விவிசிமோவும் வேலை செய்ய உங்களைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியவேண்டியதில்லை. தேடல் வரலாற்றைச் சேர்த்துவைப்பதன் விலை 2006-ல் தெரிந்தது. அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஆய்வுக்கென்று சுமார் 6.5 லட்சம் பயனர்களின் 2 கோடித் தேடல்களைப் பெயரை நீக்கி, எண் மட்டும் போட்டு வெளியிட்டது. பத்திரிகையாளர்கள் அந்தத் தேடல்களை வைத்தே ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள்.

சந்தையோ இதையெல்லாம் பார்த்து முடிவு செய்யவில்லை. டியோமாவை 2001 செப்டம்பரில் ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற தேடுபொறி நிறுவனம் வாங்கியது, 2006-ல் தளம் மறைந்தது, 2010-ல் ஆஸ்க் தன் சொந்தத் தேடல் தொழில்நுட்பத்தையே கைவிட்டது. கிளஸ்டி 2010-ல் கைமாறியது. விவிசிமோ நிறுவனங்களுக்கான தேடலுக்குப் போய் 2012-ல் ஐபிஎம்மிடம் சேர்ந்தது. கால்டிக்ஸ் மட்டும் ஜெயித்த வீட்டுக்குள் குடியேறியது.

ஜெயித்ததா என்றால், அரைகுறைதான். 2004 மார்ச்சில் கூகுள் லேப்ஸில் ஒரு சோதனைப் பக்கம் வந்தது. விருப்பத் தலைப்புகளை டிக் செய்ய வேண்டும். முடிவுகளுக்கு மேலே ஒரு நகர்த்துப் பட்டி இருக்கும். அதை இழுக்க இழுக்க முடிவுகள் கண்ணெதிரே இடம் மாறும், இடக்கோடிக்குத் தள்ளினால் எல்லோருக்கும் வரும் பழைய வரிசை. தனிப்பயனாக்கத்தின் அளவு பயனர் விரலில் இருந்த ஒரே காலம் அது. 2005-ல் டிக் பெட்டிகள் போய்த் தேடல் வரலாறு வந்தது. 2009 டிசம்பரில், லாகின் செய்யாதவர்களுக்கும் 180 நாள் குக்கீயை வைத்து யாரையும் கேட்காமல் அமலானது. என்னைக் கேட்டால் கால்டிக்ஸ் சிந்தனையில் காப்பாற்றியிருக்க வேண்டியது அந்தப் பட்டியைத்தான். 2018-ல் கூகுள் தரப்பே, தேடலில் தனிப்பயனாக்கம் மிகக் குறைவு, பெரும்பாலும் நீங்கள் இருக்கும் இடமும் சற்றுமுன் தேடியதும்தான் என்று சொன்னது. அதற்கு 16 பிரிவும் வேண்டாம், ஜேயின் சமன்பாடும் வேண்டாம்.

அந்தக் கணிதம் வேறு வீடு தேடிப் போனது. ட்விட்டரின் ‘யாரைப் பின்தொடரலாம்’ பரிந்துரை எப்படி இயங்கியது என்று அதன் பொறியாளர்கள் 2013-ல் விவரித்தார்கள். முதலில் உங்களிடமிருந்தே தொடங்கும் தனிப்பயன் பேஜ்ரேங்க். அதில் உங்களுக்கு நெருக்கமானவர்களாகத் தேறிய வட்டத்தின் மேல் சால்சா என்ற முறை, அதாவது டியோமாவின் மூலமான கிளைன்பர்க் யோசனையின் திருத்திய வடிவம். போட்டியாளர்கள் இருவரும் ஒரே குழாயில் முன்னும் பின்னுமாக; அதுவும் மொத்த வலைப்பின்னலையும் ஒரே சர்வரின் நினைவகத்தில் ஏற்றி. விவிசிமோ பாணிக் கோப்புறைகளைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, போலந்தின் போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முளைத்த கேரட்2 என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. இறக்கி நிறுவி, ‘ஜாவா’விலிருந்து தொடங்கலாம்.