அத்தை திருநீறு போட்டுத் தேய்ச்ச வெள்ளிக் கிண்ணம்

கொழிஞ்சாம்பாறைல இருந்து வேலந்தாவளம் போற வழில ஒரு வெள்ளிப் பட்டறை இருக்குங்க, போர்டு கெடையாது, வாசல்ல ஒரு பழைய டிவிஎஸ் நிக்கும் அதான் அடையாளம். அவங்கப்பா காலத்துல கொலுசு அரணாக்கொடி பாலாடைன்னு செஞ்ச எடம், மகன் இப்ப சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும்தான் செய்யறாரு. எங்க வீட்ல வெள்ளின்னா கல்யாணத்துக்கு வந்த குங்குமச்சிமிழும் பன்னீர்ச்செம்பும், அது பீரோவுக்குள்ள துணி சுத்திக் கெடக்கும். தெனமும் எடுத்துச் சாப்பிடற மாதிரி ஒண்ணு வேணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆச, அதான் ஒரு கிண்ணம் சொன்னேன்.

நம்ம பாயசம் வெக்கற ஓட்டுருளிய உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினா எப்படி இருக்கும், அப்படி ஒரு ஷேப். தாமரை கெடையாது, மயில் கெடையாது. வெளிய பூரா சுத்தியல் அடிச்ச தடம் மீன் செதில் மாதிரி வரிசையா இருக்கு, உள்ள மட்டும் பளபளப்பே இல்லாம பால் ஊத்தி வெச்சாப்ல வெளுப்பு. மொதல்ல பாத்தப்ப உள்ள பாலிஷ் போட மறந்துட்டாரோன்னுதான் நெனச்சேன்.

அப்படி இல்லியாம். வட்டமா வெட்டின தகட்ட இரும்புக் கட்ட மேல வெச்சு அடிச்சு அடிச்சுத்தான் குழி எடுக்கறாரு, கொஞ்ச நேரம் அடிச்சா வெள்ளி வெறச்சுக்கும், அதுக்கு மேல அடிச்சா விரிசல் விட்டுரும், அதனால லேசா செவக்கற வரைக்கும் சுட்டு மறுபடி எளக்கணும். இது 925 வெள்ளி, என்னோட கிண்ணம் 148 கிராம், அதுல 137 கிராம் போல வெள்ளி, மிச்சம் செம்பு. சுடறப்ப மேலாப்ல இருக்கற செம்பு கறுத்துப் போகும், அத திராவகத்துல போட்டா அந்தக் கறுப்பு கரைஞ்சு போயி மேல சுத்த வெள்ளி மட்டும் ஒரு தோலாட்டம் நிக்கும். அந்தத் தோல்தான் இந்த வெளுப்பு. இத நேர்ல பாத்தப்பறம் கடைல அச்சுல அடிச்சுத் தொங்கவிட்டிருக்கற கிண்ணத்தப் பாக்கவே புடிக்கல எனக்கு.

காசு விஷயத்துல சுத்தம். முன்னாடியே எடை போட்டாரு, அன்னிக்கு வெள்ளி ரேட்டு, செய்கூலி தனி, சேதாரம்னு ஒரு பைசா சேக்கல. செய்கூலி ஜாஸ்திதான், ஆனா கண்ணு முன்னாடி அந்தக் கையப் பாத்துட்டு பேரம் பேச வாய் வரல. தங்கம் மாதிரி வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, இருந்தும் கோயமுத்தூர் அனுப்பி வாங்கித் தந்தாரு. 2025 செப்டம்பர்ல இருந்து வெள்ளிக்கும் தங்கத்துல இருக்கற மாதிரி பொருளுக்குப் பொருள் மாறற அந்த ஆறெழுத்து ஹால்மார்க் நம்பர் வந்துருச்சு, ஹால்மார்க்க கவனிக்கற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா விவரம் வருது, நானும் போட்டுப் பாத்தேன்.

கொறை சொல்லணும்னா, மூணு வாரம்னாரு ஏழு வாரம் இழுத்துட்டாரு. சூடா ரசம் ஊத்துனா கைல புடிக்க முடியாது, வெள்ளியளவுக்கு சூட்டக் கடத்தற உலோகம் வேற இல்லியே, அது அவரு தப்பில்ல. ஆனா எப்படிக் கழுவணும்னு ஒரு வார்த்த சொல்லல பாருங்க, அது தப்பு. ஒருநாள் நான் முட்டக் கொழம்ப ஊத்தி வெச்சுட்டேன், முட்டைல கந்தகம் இருக்குல்ல, கறுத்துப் போச்சு. நான் ஆபீஸ் போன நேரம் அத்தை அவங்க பழக்கத்துல திருநீறு போட்டு அழுத்தித் தேய்ச்சுட்டாங்க. கறுப்பு போச்சு, கூடவே அந்த வெளுப்பும் போயி நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு திட்டு. அத்தைக்கு ஒரே பெருமை, எனக்கு அழுகையே வந்துருச்சு.

எடுத்துட்டு ஓடுனேன். பாத்துட்டு சிரிச்சாரு, "ஏனுங்க்கா இதுக்கா இவ்ளோ பதட்டம்"னு நாலஞ்சு தடவ சுட்டு திராவகத்துல முக்கி எடுத்தாரு, பழையபடி வெளுப்பு வந்துருச்சு, காசு வாங்கல. இனி சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும்னாரு. இத மொதல்லயே ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

கூட வந்த அத்தை அங்கயே உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டு, பேரனுக்கு இதே மாதிரி வெள்ளையா ஒரு பாலாடை செய்வீங்களான்னு கேட்டு அவங்களே 500 ரூவா அச்சாரமும் குடுத்துட்டாங்க. பையனுக்கு இப்ப நாலு மாசம், இவரு செய்யற வேகத்துக்கு அவன் டம்ளர்லயே குடிக்க ஆரம்பிச்சுருவான்.