பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் நைட் கிறீமை வாங்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துப் பெண்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் இரு கன்னத்திலும் மங்கு விழுந்தது. எங்கள் தோட்டத்தில் நிறையப் பேருக்கு இருப்பதால் பெரிதாக எடுக்கவில்லை. தங்கச்சி கல்யாணம் நெருங்கியபோது, போட்டோவில் முகம் தெளிவாக இருக்கட்டுமே என்று டவுனில் ஒரு சலூனுக்குப் போனேன். அங்கிருந்தவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இது வெயில் அழுக்குமா, உள்ள இறங்கிருச்சு. நம்ம கிறீம் போட்டா ரெண்டு கிழமையில போயிரும்" என்றார். வெள்ளை டப்பா, ரோஸ் மூடி, ஒரு பூப்படம். என்ன சேர்த்தது, யார் செய்தது, எப்போது காலாவதி, ஒன்றும் இல்லை. 3,800 ரூபாய். பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் பில் போடுறதில்ல" என்றார். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும்.

பத்தே நாளில் முகம் வெளுத்தது. அந்தச் சந்தோசத்தில் பக்கத்து லயத்து அக்காவுக்கும் சொன்னேன். கொழுந்தெடுத்த காசில் அவரும் வாங்கினார். இதை எழுதுவதே அவருக்காகத்தான்.

மூன்றாம் மாதம் தாடையெல்லாம் பரு. மேலுதட்டில் முடி, மூக்கோரம் சிவப்பு நரம்பு. அடுப்படியில் நின்றாலே எரிந்தது. நிறுத்தினால் முகம் வீங்கி, மங்கு முன்பைவிடக் கறுத்தது. சலூனில் கேட்டதற்கு, "அழுக்கு வெளிய வருது, இன்னொரு டப்பா போடுங்க" என்றார்கள். போட்டேன், எரிச்சல் அடங்கியது. அதை மருந்தின் குணம் என்று நினைத்தேன். தோல் அந்தக் கிறீமுக்கு அடிமையாகிவிட்டது என்பது அரச ஆஸ்பத்திரி தோல் கிளினிக்கில்தான் தெரிந்தது.

டொக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருப்பது தெரியாது, ஆனால் இது பலமான ஸ்டீரொயிட் பூசிய முகம் என்றார். ஸ்டீரொயிட் முதலில் வெளுக்க வைக்கும், பிறகு தோலை மெலிய வைக்கும். இப்படிப்பட்ட டப்பாக்களில் பாதரசமும் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதினார். இப்படிப்பட்ட கிறீமில் கலக்கும் இன்னொன்று ஹைட்ரோகுயினோன், நிறத்தைக் குறைப்பதற்கு டொக்டர்களே எழுதும் மருந்துதான். ஆனால் அளவில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாகக் கறை விழும், லேசில் போகாது.

அவர் சொன்ன இன்னொன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மங்கு அழுக்கே இல்லை. நிறம் செய்கிற உயிரணுக்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான், நமக்கு அவை கூடுதலாக வேலை செய்கின்றன. பரு, கொசுக்கடி, சூடு, தேய்ப்பு, எது தோலைப் புண்படுத்தினாலும் அங்கே நிறத்தைக் கொட்டிவிடும். எலுமிச்சை, பிளீச் என்று எரியஎரியப் பூசுகிறவர்களுக்குப் புதுக் கறை விழுவது அதனால்தான்.

"மூட்டமா இருக்கு, வெயில் எங்க?" என்று கேட்பவள் நான். மூட்டம் புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காதாம். 1,000 மீற்றர் ஏற ஏற அது சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியாவோ 1,868 மீற்றர். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிறீன் பூசச் சொன்னார். மலையில் கொழுந்தெடுப்பவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பியும் வேண்டும்.

ஸ்டீரொயிட்டை ஒரேயடியாக விடாமல், பலம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்தினார். பிறகு மங்குக்குப் பூசும் அசெலாயிக் அசிட் தந்தார். மாதக்கணக்கில் ஆகும் என்று முதல் நாளே சொன்னார். ஏழு மாதம் ஆகிறது, பாதி தெளிந்திருக்கிறது. சிவப்பு நரம்பு அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே பூசுகிறீர்களென்றால் பயந்து திடீரென நிறுத்தாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். அரச கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் முறையிட்டிருக்கிறேன், டப்பாவையும் கழுவாமல் வைத்திருக்கிறேன்.

அக்கா இன்னும் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று கிளினிக்கைத் தள்ளிப் போட்டவர், கடைசியில் சம்மதித்தார். வரும் செவ்வாய் முதல் பஸ்ஸில் இருவரும் போகிறோம்.